தகராறு வந்தால் எந்த முறை தாங்கும்? அமெரிக்க அதிபர் தேர்தலில் தேர்வாளர்களும் மக்கள் வாக்கும்

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் நாடு முழுவதும் அல் கோர் வாங்கிய வாக்குகள், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வாங்கியதைவிட 5,43,895 அதிகம். அதிபர் ஆனவர் புஷ். ஃப்ளோரிடாவில் பதிவான சுமார் 60 லட்சம் வாக்குகளில் அவர் 537 வாக்கு முந்தினார் என்று சான்றளிக்கப்பட்டது. அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு இருந்த 25 தேர்வாளர்களும் அவர் பக்கம் போனார்கள். 271-க்கு 266 என்று தேர்தல் முடிந்தது. நாடு முழுக்க இருந்த வித்தியாசம் ஃப்ளோரிடா வித்தியாசத்தைப் போல ஆயிரம் மடங்கு. முடிவு செய்தது என்னவோ சின்ன எண்தான்.

இது நியாயமா என்ற விவாதம் கால் நூற்றாண்டாக நடக்கிறது. நாட்டில் அதிக வாக்கு வாங்கியவர்தான் அதிபராக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நியாயத்தை மட்டும் வைத்து முறையை மாற்றச் சொல்பவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முடிவு இழுபறியில் நின்று, இரண்டு தரப்பும் "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்று நிற்கும்போது, நாட்டைப் பிளக்காமல் முடிவு தரக்கூடிய முறை எது? 2008-இல் ஒபாமா ஜெயித்ததை எப்படி எண்ணினாலும் அதே முடிவுதான் வரும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் எல்லா முறையும் நன்றாகவே ஓடும். சோதனை வருவது தகராறு வரும் ஆண்டில். அதனால் இந்த ஒப்பீட்டை அந்தக் கோணத்தில் மட்டும் செய்கிறேன்: தகராறு எங்கே குவிகிறது, அதைத் தீர்ப்பவர் யார், தீர்க்க எத்தனை நாள் கையில் இருக்கிறது.

இப்போது இருக்கும் முறை

பலருக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள் போடும் ஓட்டு நேராக அதிபருக்குப் போவதில்லை. பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, அதோடு அதன் இரண்டு செனட்டர்களையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையில் அந்த மாநிலத்துக்குத் தேர்வாளர்கள் உண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு 3 பேர். மொத்தம் 538, 270 கிடைத்தால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டையும் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும். நவம்பரில் மக்கள் வாக்களிக்கிறார்கள். டிசம்பர் நடுவில் தேர்வாளர்கள் அவரவர் மாநிலத்தில் கூடி வாக்களித்துச் சான்றிதழ் அனுப்புகிறார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து அவற்றை எண்ணுகின்றன. ஜனவரி 20 நண்பகலில் பதவியேற்பு.

நம் ஊர்க் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வாக்காளர் குழு உண்டு. அதில் இருப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த ஆட்கள், தங்கள் விருப்பப்படி ரகசியமாக வாக்களிக்கிறார்கள். அமெரிக்கத் தேர்வாளர்கள் அப்படியல்ல. அந்த ஒரு வேலைக்காகவே கட்சி நிறுத்தும் விசுவாசிகள் அவர்கள். மாறிப் போட்டால் மாநிலம் தண்டிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. ஆகவே தேர்வாளர்கள் கூடி ஆலோசித்துத் தகுதியானவரைத் தேர்வார்கள் என்ற பழைய வாதத்தை ஓரமாக வைத்துவிடலாம். நடைமுறையில் இது மாநிலவாரியாக மதிப்பெண் போடும் முறை, அவ்வளவுதான்.

இந்த முறைக்காகச் சொல்லப்படும் வாதங்களில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. இழுபறி வந்தால் அது ஒரு மாநிலத்துக்குள் அடங்கிவிடும். நாடு முழுக்க மறுஎண்ணிக்கை நடத்த வேண்டியதில்லை. இது வெறும் பேச்சல்ல. 1880-இல் சுமார் 90 லட்சம் வாக்குகள் பதிவான தேர்தலில் கார்ஃபீல்டுக்கும் ஹான்காக்குக்கும் இடையே நாடு தழுவிய வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் கீழே. தேர்வாளர் கணக்கில் பார்த்தால் 214-க்கு 155. சண்டை போட இடமே இல்லை. மக்கள் வாக்கு மட்டும் முடிவு செய்வதாக இருந்திருந்தால், தந்தியும் ரயிலும் மட்டுமே இருந்த காலத்தில், ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைத் திறந்து மறுபடி எண்ணியிருக்க வேண்டும்.

1960 இன்னும் நல்ல உதாரணம். கென்னடி நிக்சனைவிட 1.1 லட்சத்துக்குச் சற்று அதிகமான வாக்குகள் முந்தினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். பதிவானதோ ஏறக்குறைய 6.9 கோடி. அந்த 1.1 லட்சமும் உறுதியான எண் இல்லை. அலபாமாவில் அந்த ஆண்டு வாக்காளர்கள் தேர்வாளர்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனநாயகக் கட்சிப் பட்டியலில் இருந்த 11 பேரில் 5 பேர்தான் கென்னடிக்கு உறுதி சொன்னவர்கள். மற்ற 6 பேர் யாருக்கும் கட்டுப்படாதவர்கள். அவர்கள் கடைசியில் ஹாரி பெயர்டு என்ற செனட்டருக்கு வாக்களித்தார்கள். அந்தப் பட்டியலுக்கு விழுந்த வாக்குகளில் எத்தனையைக் கென்னடி கணக்கில் வைப்பது? முழுவதையும் வைத்தால் நாட்டில் அவர் முன்னணி. 11-க்கு 5 என்று பிரித்து வைத்தால் நிக்சன் முன்னணி. மக்கள் வாக்குப்படி முடிவு செய்யலாம் என்று சொல்கிறவர்கள், மக்கள் வாக்கு என்ற மொத்தத்தைச் சான்றளித்துத் தர அமெரிக்காவில் ஓர் அலுவலகம்கூட இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மாநிலங்கள் தருவதைப் பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் கூட்டிச் சொல்கிறார்கள். நான் முதல் பத்தியில் தந்த 5,43,895-உம் அப்படிக் கூட்டி வந்ததுதான்.

அதே ஆண்டு ஹவாயில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் கணக்கில் நிக்சன் 141 வாக்கு முந்தியிருந்தார். மறுஎண்ணிக்கை முடிவதற்குள் தேர்வாளர் நாள் வந்துவிட்டதால் இரு கட்சித் தேர்வாளர்களும் கூடித் தனித்தனியே வாக்களித்துச் சான்றிதழ் அனுப்பினார்கள். மறுஎண்ணிக்கையில் கென்னடி 115 வாக்கில் ஜெயித்தார். 1961 ஜனவரி 6 அன்று அவைக்குத் தலைமை தாங்கியவர் துணை அதிபரான நிக்சனே. அவர் கென்னடி தரப்புச் சான்றிதழையே ஏற்கச் சொன்னார். ஹவாயின் 3 வாக்கு மொத்த முடிவை மாற்றாது என்பதால் அது எளிதாக முடிந்தது. மாற்றக்கூடிய நிலை இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாற்பது வருடம் கழித்து ஃப்ளோரிடா காட்டியது.

சின்ன இடத்தில் குவியும் சண்டை

ஃப்ளோரிடாவை அருகில் போய்ப் பார்ப்போம். பாம் பீச் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாக்குச்சீட்டு புத்தகம் விரித்த மாதிரி இருந்தது. வேட்பாளர்கள் பெயர் இரண்டு பக்கமும், துளையிட வேண்டிய இடங்கள் நடுவில் ஒரே வரிசையாக. இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து கோர். ஆனால் நடு வரிசையில் இரண்டாவது துளை கோருக்கு உரியதல்ல. வலப்பக்கத்தில் இருந்த சீர்திருத்தக் கட்சி வேட்பாளர் பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. புக்கானன் அந்த கவுன்டியில் 3,407 வாக்குகள் வாங்கினார். ஃப்ளோரிடாவின் வேறு எந்த கவுன்டியிலும் அதில் பாதிகூட அவருக்கு விழவில்லை. யூதர்களும் முதியவர்களும் நிறைய வாழும் பகுதியில் அவருக்கு அவ்வளவு ஆதரவு இருந்தது என்று யாரும் நம்பவில்லை. தவறாகத் துளையிட்ட சீட்டைத் திருத்த வழியும் இல்லை. ஒருவருக்குத் தெளிவாக விழுந்த வாக்கை, வாக்காளர் மனதில் இருந்தது வேறொருவர் என்று ஊகித்து மாற்றி எண்ண எந்தச் சட்டமும் இடம் தராது.

அப்புறம் அந்தக் காகிதத் துணுக்குகள். குத்தும்போது முழுதாக விழாமல் ஒரு மூலையில் தொங்கியவை, இரண்டு மூலையில் ஒட்டிக்கொண்டவை, வெறும் பள்ளம் மட்டும் விழுந்தவை என்று பல வகை. எதை வாக்காகக் கொள்வது என்பது கவுன்டிக்குக் கவுன்டி வேறுபட்டது. ஒரே கவுன்டியில் நாளுக்கு நாளும் மாறியது. பிரவார்ட் கவுன்டியில் நீதிபதி ராபர்ட் ரோசன்பர்க் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு சீட்டை விளக்கொளியில் பார்க்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. உலகின் மிகப் பெரிய பதவி யாருக்கு என்பது அந்த மனிதரின் கண்பார்வை வரை வந்து நின்றுவிட்டது.

டிசம்பர் 8 அன்று ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று மாநிலம் முழுக்க மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. மறுநாளே நாட்டின் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. டிசம்பர் 12 இரவு தீர்ப்பு வந்தது: ஒரே மாதிரியான அளவுகோல் இல்லாமல் எண்ணுவது வாக்காளர்களைச் சமமாக நடத்துவதாகாது என்பதை ஏழு நீதிபதிகள் ஏற்றார்கள், அதைச் சரிசெய்து எண்ண நேரம் இல்லை என்றவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து போதுமானதாக இருந்தது. பிறகு பெரிய செய்தி நிறுவனங்கள் சேர்ந்து, எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்ட சீட்டுகளை ஆராயச் செய்தன. கோர் கேட்ட நான்கு கவுன்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான் ஜெயித்திருப்பார். மாநிலம் முழுக்க ஒதுக்கப்பட்ட எல்லாச் சீட்டுகளையும் எண்ணியிருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருக்கலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்ப வெற்றியாளர் மாறுகிறார். 60 லட்சத்தில் 537 என்றால், எண்ணும் முறையின் பிழையே அதைவிடப் பெரிது.

தகராறு ஒரு மாநிலத்துக்குள் அடங்கியது உண்மை. ஆனால் அப்படி அடங்கியதால்தான் அது இவ்வளவு கூர்மையானது என்பது என் வாதம். முழு நாட்டிலும் அரை சதவீத வித்தியாசம் தெளிவாகத் தெரிந்த தேர்தலை, பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லாத ஓர் இடத்துக்குள் இந்த முறை அடைத்தது.

2020-இல் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. ஜோ பைடன் நாடு முழுக்க 70 லட்சம் வாக்குகள் முந்தியிருந்தார். தேர்வாளர் கணக்கும் 306-க்கு 232 என்று வசதியாகவே இருந்தது. ஆனால் ஜார்ஜியாவில் 11,779, அரிசோனாவில் 10,457, விஸ்கான்சினில் 20,682 என்று மூன்றே மாநிலங்களில் இருந்த வித்தியாசம் சேர்த்து 43 ஆயிரத்துக்கும் குறைவு; அதில் பாதிக்குச் சற்று அதிகமான வாக்குகள் எதிராளி பக்கம் மாறியிருந்தால் 269-க்கு 269 என்று நின்றிருக்கும். அப்போது பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் ஒரு வாக்கு, 6 லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் ஒரு வாக்கு. எங்கே அழுத்தினால் முடிவு மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2021 ஜனவரி 2 அன்று டொனால்ட் டிரம்ப், ஜார்ஜியாவில் தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். வித்தியாசத்தைவிடச் சரியாக ஒன்று கூடுதல். அந்த மாநிலம் ஏற்கெனவே கையாலும் இயந்திரத்தாலுமாக மூன்று முறை எண்ணி முடித்திருந்தது. 70 லட்சம் வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி எந்த அதிகாரிக்கும் தொலைபேசி போட முடியாது. 11,780-ஐக் கேட்க முடிந்தது. அந்த ஒரு அதிகாரி மறுத்தார் என்பது அவருடைய பெருமை. முறைக்கு அதில் பங்கில்லை.

சரி, தகராறு ஒரே சமயத்தில் பல மாநிலங்களில் வந்தால்? 1876-இல் வந்தது. சாமுவேல் டில்டன் மக்கள் வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் முந்தியிருந்தார், பாதிக்கு மேல் வாங்கியும் இருந்தார். தேர்வாளர் கணக்கில் 184, தேவை 185. ருதர்ஃபோர்டு ஹேய்ஸுக்கு 165. ஃப்ளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று தென்மாநிலங்களிலிருந்து இரட்டைச் சான்றிதழ்கள் வந்தன. ஒரேகானில் ஒரு தேர்வாளர் தபால் நிலைய அதிகாரி என்பதால் அவர் தகுதியற்றவர் என்று இன்னொரு தகராறு. ஆக 20 வாக்குகள் அந்தரத்தில். எந்தச் சான்றிதழை எண்ணுவது என்று அரசமைப்பு எதுவும் சொல்லவில்லை. செனட் ஒரு கட்சி கையில், பிரதிநிதிகள் சபை இன்னொரு கட்சி கையில். கடைசியில் ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், ஐந்து நீதிபதிகள் என்று 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். நடுநிலையாளர் என்று எல்லோரும் எதிர்பார்த்த நீதிபதி டேவிட் டேவிஸை இல்லினாய் சட்டமன்றம் செனட்டராகத் தேர்ந்தெடுத்துவிட, அவர் விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜோசப் பிராட்லி. ஒவ்வொரு தகராறிலும் 8-க்கு 7 என்று கட்சி வரிசையிலேயே தீர்ப்பு. 20 வாக்கும் ஹேய்ஸுக்கு. 185-க்கு 184 என்று 1877 மார்ச் 2 அன்று, புதிய பதவிக்காலம் தொடங்க இரண்டு நாள் முன்பு, முடிவு வந்தது.

விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தென்மாநிலங்களின் எதிர்ப்பை அடக்க நடந்த பேரத்தோடு சேர்ந்து, லூசியானா, தென் கரோலினா அரசுகளுக்குக் காவலாக நின்ற மத்தியப் படைகள் அந்த ஏப்ரலில் விலகின. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு ஓட்டுரிமை பெற்றிருந்த கறுப்பின மக்கள் அதற்குப் பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்த உரிமையை நடைமுறையில் இழந்தார்கள். அவர்களை ஓட்டுப் போட விடாத மாநிலங்களுக்குத் தேர்வாளர் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று இந்த முறை பார்ப்பதில்லை, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்றுதான் பார்க்கிறது. அரசமைப்பு எழுதிய 1787-லேயே, அதை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் இதைப் புரிந்துவைத்திருந்தார். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்று சொன்ன அவரே, அடிமைகளுக்கு வாக்கில்லாததால் தெற்கு அதில் செல்வாக்கு இழக்கும், தேர்வாளர் முறையில் அந்தச் சிக்கல் இல்லை என்றும் சொன்னார்.

மக்கள் வாக்கு தகராறை ஒழித்துவிடுமா

ஒழிக்காது. 2006-இல் மெக்சிகோவைப் பாருங்கள். ஒரே சுற்று, நேரடி மக்கள் வாக்கு, அதிகம் வாங்கியவர் அதிபர். ஃபெலிப்பே கால்டெரோன் லோப்பஸ் ஒப்ரதோரைவிட இரண்டரை லட்சத்துக்கும் குறைவான வாக்கில் முந்தினார், 0.6 சதவீதத்துக்கும் கீழே. சதவீதத்தில் பார்த்தால் கோரின் முன்னணிக்கு ஏறக்குறைய சமமான அளவு. தோற்றவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வாக்கையும் எண்ண வேண்டும் என்று அவருடைய ஆதரவாளர்கள் தலைநகரின் ரெஃபோர்மா சாலையில் கூடாரம் போட்டு ஆறு வாரத்துக்கும் மேல் உட்கார்ந்தார்கள். தேர்தல் தீர்ப்பாயம் சுமார் 9 சதவீதச் சாவடிகளில் மட்டும் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் கால்டெரோனை வெற்றியாளராக அறிவித்தது. ஒப்ரதோர் தன்னையே சட்டப்படியான அதிபர் என்று அறிவித்துக்கொண்டார்.

ஆக, அரை சதவீதம் என்பது தானாகவே சண்டையைத் தீர்க்காது. அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை என்றே நினைக்கிறேன். மெக்சிகோவில் தேர்தலை நடத்தியது ஒரே தேசிய அமைப்பு, தகராறைக் கேட்டது அதற்கென்றே இருந்த ஒரே தீர்ப்பாயம், டிசம்பர் வரை நேரம் இருந்தது. வாக்குகளில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையைப் புரட்ட ஆயிரக்கணக்கான சாவடிகளில் ஒரே திசையில் பிழை நடந்திருக்க வேண்டும். ஒரு கவுன்டியின் வாக்குச்சீட்டு வடிவமோ ஒரு மாநிலச் செயலரோ அதைச் செய்ய முடியாது. மறுஎண்ணிக்கை முடிவைப் புரட்டியதாக அமெரிக்காவில் தெரிந்த பெரிய உதாரணங்கள் எல்லாமே நூற்றுக் கணக்கில் வித்தியாசம் இருந்தவை: 1962-இல் மின்னசோட்டா ஆளுநர் தேர்தல் 91 வாக்கில் முடிந்தது, 2008-இல் அதே மாநில செனட் தேர்தல் 312 வாக்கில். இலட்சக்கணக்கான வித்தியாசம் மறுஎண்ணிக்கையில் புரள்வதில்லை. 2008-இன் அந்த செனட் தகராறு தீர எட்டு மாதம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதிபர் தேர்தலுக்கு அவ்வளவு நாள் கிடையாது.

மக்கள் வாக்கின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை இலங்கைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2005 நவம்பரில் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை 1,80,786 வாக்கில் வென்றார். புலிகளின் புறக்கணிப்பு காரணமாக யாழ்ப்பாண மாவட்டத்தில், ஏழு லட்சம் பேர் பதிவு செய்திருந்த பட்டியலில், வாக்களித்தவர்கள் 1.2 சதவீதம்தான். வடக்கு வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பது அன்றிலிருந்து பேசப்படுவது. நேரடி வாக்கில், மிரட்டலோ வெள்ளமோ ஊரடங்கோ ஒரு பகுதியை வீட்டிலேயே நிறுத்திவிட்டால், அந்தப் பகுதி முடிவிலிருந்தே அழிந்துபோகிறது. தேர்வாளர் முறையில் சூறாவளி அடித்து ஒரு மாநிலத்தில் பாதிப் பேர் வாக்களிக்காவிட்டாலும் அதன் எடை குறையாது. இது தேர்வாளர் முறையின் நியாயமான பலம். ஆனால் மேலே சொன்ன தென்மாநிலக் கதையும் இதே விதியின் மறுபக்கம்தான். வாக்கைத் தடுப்பவனே அந்த மாநிலத்தை ஆள்கிறவனாக இருந்தால், தேர்வாளர் முறை அவனுக்குப் பரிசு தருகிறது; நேரடி முறையில் அவன் தன் மாநிலத்தின் செல்வாக்கையே குறைத்துக்கொள்கிறான். அமெரிக்க வரலாற்றில் அதிகம் நடந்தது, ஆள்கிறவனே வாக்கைத் தடுக்கும் இந்த வகைதான்.

நேரடி வாக்கு என்றால் வெறுமனே அதிகம் வாங்கியவர் என்று இருக்கக் கூடாது என்பதையும் 2000 காட்டுகிறது. ஃப்ளோரிடாவில் பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் வாங்கிய வாக்கு 97,488. அவருக்கு வாக்களித்தவர்களிடம் "இவர் இல்லையென்றால் யார்?" என்று வாக்குச்சீட்டிலேயே கேட்டிருந்தால் 537 என்ற எண்ணுக்கு வேலையே இருந்திருக்காது, ஏதாவது ஒரு பக்கம் சில ஆயிரங்கள் சாய்ந்திருக்கும். பிரான்சில் இதற்காக இரண்டாம் சுற்று வைக்கிறார்கள். இலங்கையில் விருப்பத் தெரிவை அதே சீட்டில் எழுதுகிறார்கள். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதத்தில் நின்றபோது இரண்டாம் விருப்பங்கள் முதல் முறையாக எண்ணப்பட்டன. வாக்களித்த மறுநாளே முடிவு அறிவிக்கப்பட்டு, அதற்கடுத்த நாள் பதவியேற்றார். இரண்டாம் சுற்றுக்கும் ஓர் ஓட்டை உண்டு: 2002-இல் பிரான்சில் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் இடையே இருந்தது 2 லட்சத்துக்கும் குறைவான வாக்கு. அங்கே தகராறு வந்திருந்தால் இறுதிச் சுற்றில் யார் நிற்பது என்பதிலேயே சிக்கியிருக்கும். அமெரிக்கா மாதிரி கால அட்டவணை இறுக்கமான நாட்டுக்கு இலங்கை முறை பொருத்தம் என்பது என் கருத்து.

நடுவழிகள்

மெய்ன், நெப்ராஸ்கா போல நாடாளுமன்றத் தொகுதிவாரியாகத் தேர்வாளர்களைப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி எல்லைகளைக் கட்சிகளே வரைகின்றன. 2012-இல் நாடு முழுக்க இந்த முறை இருந்திருந்தால், ஏறக்குறைய 50 லட்சம் வாக்கு குறைவாக வாங்கிய மிட் ரோம்னி அதிபராகியிருப்பார். இழுபறி வந்தால் ஒரு ஃப்ளோரிடாவுக்குப் பதில் பத்துப் பதினைந்து குட்டி ஃப்ளோரிடாக்கள்.

மாநிலங்களுக்கு இடையேயான மக்கள் வாக்கு ஒப்பந்தம்தான் இன்று உயிரோடு இருக்கும் மாற்று வழி. 2006-இல் முன்வைக்கப்பட்டது, 2007-இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது, 2024-இல் மெய்ன் சேர்ந்தபோது அதன் பலம் 209 தேர்வாளர்கள். 270 எட்டியதும், சேர்ந்த மாநிலங்கள் எல்லாம் தங்கள் மக்கள் யாருக்கு வாக்களித்தாலும் நாட்டில் அதிகம் வாங்கியவருக்கே தேர்வாளர்களைத் தரும். அரசமைப்பைத் திருத்தாமலே நேரடித் தேர்தல். அதன் நோக்கத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் தகராறு நாள் என்ற அளவுகோலில் வைத்தால், எல்லா வழிகளிலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

ஏனென்றால் நாட்டின் மொத்தத்தைக் கூட்டப்போவது அந்தந்த மாநில அதிகாரிகள். மற்ற மாநிலங்கள் சான்றளித்த எண்ணை அவர்கள் அப்படியே ஏற்க வேண்டும். நாடு தழுவிய மறுஎண்ணிக்கைக்கு வழி இல்லை. மறுஎண்ணிக்கைச் சட்டங்கள் எல்லாம் மாநில வித்தியாசத்தைப் பார்த்தே இயங்குபவை: ஃப்ளோரிடாவில் அரை சதவீதத்துக்குள் இருந்தால்தான் தானாக நடக்கும். நாட்டில் 20 ஆயிரம் வாக்கு வித்தியாசம், டெக்சாஸில் பத்து லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் வாக்குகளை மறுபடி எண்ண யாருக்கு அதிகாரம்? அந்த மாநிலம் ஒப்பந்தத்தில் இல்லாததாகவும் இருக்கலாம். தோற்றுக்கொண்டிருக்கும் கட்சி ஆளும் மாநிலம் ஒன்று தன் எண்ணைச் சான்றளிக்கத் தாமதித்தால்? 1960 அலபாமா மாதிரி வாக்கை இரண்டு விதமாகக் கூட்டக்கூடிய சீட்டை வேண்டுமென்றே அச்சடித்தால்? பதவிக்காலம் முடியும் முன் ஆறு மாதத்துக்குள் யாரும் விலக முடியாது என்று ஒப்பந்தம் சொல்கிறது, ஆனால் தன் மக்கள் நிராகரித்தவருக்கே தன் தேர்வாளர்களைத் தர வேண்டிய மாநிலச் சட்டமன்றம் அந்த விதியை நீதிமன்றத்தில் உடைக்கப் பார்க்காதா?

நான் எந்தப் பக்கம்

அரசமைப்பைத் திருத்தி, நேரடி வாக்கு, சீட்டிலேயே விருப்பத் தெரிவு, ஒரே எண்ணும் விதி, ஒரே தேசிய ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து வருவதே சரி. இதில் கடைசி இரண்டும் இல்லாமல் முதல் இரண்டை மட்டும் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். இது நடக்காத கனவு என்று சொல்கிறவர்களுக்கு 1969 செப்டம்பரை நினைவூட்டுவேன். அதற்கு முந்தைய ஆண்டு ஜார்ஜ் வாலஸ் 46 தேர்வாளர்களைப் பிடித்து இரு கட்சிகளையும் பேரத்துக்கு இழுக்கப் பார்த்ததில் பயந்துபோன பிரதிநிதிகள் சபை, நேரடித் தேர்தல் திருத்தத்தை 338-க்கு 70 என்று நிறைவேற்றியது. 40 சதவீதம் யாருக்கும் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்று என்றும் அதில் இருந்தது. செனட்டில் தென்மாநில, சிறுமாநில உறுப்பினர்கள் பேசியே இழுத்தடித்து 1970-இல் அதைக் கொன்றார்கள். இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 38 மாநிலங்கள் என்ற வாசல் இன்று அதைவிடக் கடினம். இரு கட்சிகளும் இந்த முறையால் அடி வாங்கினால்தான் அது திறக்கும்.

அதுவரை கையில் இருப்பது 2022 இறுதியில் வந்த தேர்வாளர் எண்ணிக்கைச் சீர்திருத்தச் சட்டம். இதற்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஜனவரி 6-இல் துணை அதிபருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லை என்று அது எழுதி வைத்தது. முன்பு ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் சேர்ந்தாலே ஆட்சேபம் எழுப்பலாம். இப்போது ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். மாநிலத்துக்கு ஒரே சான்றிதழ், அதில் தகராறு என்றால் மூன்று நீதிபதிகள் விரைவாகக் கேட்டு, நேரே உச்ச நீதிமன்றம். வாக்குப்பதிவு முடிந்த பிறகு சட்டமன்றமே தேர்வாளர்களை நியமிக்க இருந்த சந்தும் அடைபட்டது. 1876-உம் 2020-உம் திறந்துவிட்ட கதவுகளில் பெரும்பாலானவை இவை. 2025 ஜனவரி 6 அன்று கமலா ஹாரிஸ் தன் தோல்வியைத் தானே அறிவித்து, சுமார் அரை மணி நேரத்தில் எண்ணிக்கையை முடித்தார்.

அந்தச் சட்டம் தொடாத இடம் 269-க்கு 269. அதற்கும் 537 மாதிரியான எண்களுக்கும் அதனிடம் மருந்து இல்லை. ஒப்பந்தம் 270-ஐ நெருங்கினால், அதை எதிர்ப்பதைவிட அதற்கு நாடாளுமன்ற ஒப்புதலைக் கேட்டு, அந்த ஒப்புதலிலேயே தேசிய மறுஎண்ணிக்கை விதியையும் சான்றளிக்கும் கடைசி நாளையும் ஐம்பது மாநிலங்களுக்கும் கட்டாயமாக்குவது மேல். அதிபர் தேர்தலில் மாநிலங்கள் மேல் அவ்வளவு அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டா என்று வழக்கு வரும். அந்த வழக்கைத் தேர்தல் இல்லாத ஓர் ஆண்டில், எந்த வேட்பாளரின் பெயரும் அதில் இல்லாதபோது, உச்ச நீதிமன்றம் விசாரித்து முடித்துவிட வேண்டும்.